வண்ணாரப்பேட்டைக் குடிகளின் வரவும் செலவும்

சென்ற சில மாதங்களாக நமது சஞ்சிகையின் பிரதிகள் பல, அனுப்பிய இடத்துக்கே திரும்பி வருகின்றன. மேலுறையின்மீது, விலாசதார் இவ்விடத்தில் இல்லை என்று தபால்காரர் எழுதியிருக்கின்றார். சந்தா வசூலிக்கும் பொருட்டுப் பழைய வண்ணாரப்பேட்டையின் சந்துகளிலே சென்ற நம் சங்கத்து அன்பரொருவர், மூன்று தலைமுறையாக நம்மவர் வாழ்ந்த வீடுகளிற் சிலவற்றிலே பூட்டையும், சிலவற்றிலே முன்பின் அறியாத முகங்களையும், சிலவற்றிலே புடைவை மூட்டைகள் அடுக்கிய கிடங்குகளையும் கண்டு மீண்டார். இச்செய்தி செயற்குழுவில் எடுத்துரைக்கப்பட்டபோது முதியவர் ஒருவர், "நம் கூட்டம் அருகிவிட்டது, இனிச் சங்கம் எதற்கு?" என்று மனம் நொந்து கூறினார். அவ்வார்த்தை எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. மெய்யாகவே நாம் அருகிவிட்டோமா, அல்லது இடம் பெயர்ந்துவிட்டோமா? இதனை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

வரவும் செலவும் என்று தலைப்பிட்டோம். கணக்கு எழுதுவோர் இச்சொற்களைப் பணத்துக்கே வழங்குவர். பண்டைத் தமிழிலோ செலவு என்பதற்குப் போதல் என்பதே பொருள். ஓர் ஊரின் ஜனத்தொகை மூன்று காரணங்களால் மாறும். பிறப்பும் இறப்பும் ஒன்று. குடிகளின் வரவும் செலவும் இரண்டு. ஊரின் எல்லையை அரசாங்கத்தார் விரித்தலும் சுருக்குதலும் மூன்று. இம்மூன்றையும் பிரித்தறியாது தொகையை மட்டும் நோக்கி மகிழ்வோரும் வருந்துவோரும் ஒருங்கே ஏமாறுவர். நம் பேட்டையின் சரித்திரம் இதனை நன்கு விளக்கும்.

கிழக்கிந்தியக் கும்பினியார் 1639-ஆம் வருஷத்தில் சென்னைக் கடற்கரையிலே இடம் பெற்றுக் கோட்டை அமைத்தது துணி வாணிகத்தின் பொருட்டேயாகும். நெய்தவுடன் துணி கப்பலேறாது. அதனை வெளுக்கவேண்டும், கஞ்சியிடவேண்டும், சிலவற்றில் வண்ணம் தீட்டவேண்டும். இவ்வேலைகளுக்கு நல்ல நீரும், துணியை விரித்து வெயிலில் உலர்த்தப் பரந்த வெளியும் இன்றியமையாதன. ஆதலின் கும்பினியாரின் துணிகளை வெளுத்துக் கொடுத்த தொழிலாளர் பட்டணத்துக்கு வடக்கே குடியமர்ந்தனர். அவர்கள் தொழிலாலேயே பேட்டைக்குப் பெயர் வந்தது. நெசவாளர்க்கும் இவ்வாறே ஊர்கள் எழுந்தன. 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த ஜோசப் காலட் என்பாரின் பெயரால், திருவொற்றியூரை அடுத்து நெசவாளர் பேட்டையொன்று எழுந்தது. காலட்பேட்டை என்ற அப்பெயரே மக்கள் நாவில் திரிந்து காலாடிப்பேட்டையாயிற்று. ஆகவே, இன்று "நாம் ஆதி முதல் இவ்வூரார்" என்று பெருமை பேசும் எவரும், ஆராய்ந்து பார்ப்பின், ஒரு காலத்தில் மூட்டை முடிச்சுடன் வந்தவர் வழியினரேயாவர்.

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது நம் பாட்டிமார் வழங்கிய பழமொழி. அது வெறும் பேச்சன்று. 1780-ஆம் வருஷத்தில் ஹைதர் அலியின் சேனை கர்நாடகப் பிரதேசத்துள் புகுந்தது. அதனைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஜனங்கள் உயிர் பிழைக்கச் சென்னையை நாடி வந்தனர். அவர்களுக்குக் கஞ்சி வார்க்கும் பொருட்டு எழுந்ததே நம் பேட்டைக்கு அருகிலுள்ள மணியக்காரர் சத்திரம். அத்தர்ம ஸ்தாபனமே வைத்தியசாலையாய் வளர்ந்து, பிற்காலத்தில் கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. ஆயினும் நம் வீட்டு முதியோர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே கூறக் கேட்டிருக்கின்றோம். ஒரு பஞ்சத்தின் நினைவு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஓர் ஆஸ்பத்திரியின் பெயரிலே உயிரோடிருத்தல் வியக்கத்தக்கது.

அடுத்து வந்தது நீராவியின் காலம். தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856-ஆம் வருஷத்தில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. 1870-களிலும் 80-களிலும் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் பெரம்பூர்ப் பக்கத்தில் எழுந்தன. துறைமுகத்தைக் கட்டும் வேலை 1870-களில் தொடங்கிற்று; 1881-ஆம் வருஷத்துப் புயல் அதனைச் சிதைத்தது; பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. இலங்காஷயர் ஆலைத் துணியின் போட்டியால் கைத்தறியும் வெளுப்புத் தொழிலும் நலிந்த அக்காலத்தில், நம் பேட்டையாரின் பிள்ளைகள் ரயில்வேக்கும் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் சென்று கூலி பெற்றனர். செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, நெல்லூர் முதலிய ஜில்லாக்களிலிருந்தும் புதியோர் வந்து சேர்ந்தனர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையிலே பேசப்படும் வழக்கம் வடசென்னையில் வேரூன்றியது இவ்வாறேயாம். 1918-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும் இவ்வாலைத் தொழிலாளரிடையேதான்.

இனித் தொகைகளை நோக்குவோம். 1871-ஆம் வருஷத்துக் குடிமதிப்பிலே சென்னையின் ஜனத்தொகை 3,97,552. பத்து வருஷம் கழித்து 1881-இல் அது 4,05,848. எட்டாயிரமே மிகுதி. இடையே 1876 முதல் 1878 வரை தாதுவருஷப் பஞ்சம் இராஜதானி முழுவதையும் வாட்டியதை நினைவிற் கொண்டால்தான் இத்தொகையின் பொருள் விளங்கும். 1901-இல் 5,09,346 ஆயிற்று; 1921-இல் 5,26,911. இருபது வருஷங்களில் பதினெண்ணாயிரத்துக்கும் குறைந்த பெருக்கமே. 1918-ஆம் வருஷத்து விஷஜுரம் நம் முன்னோரின் வீடுதோறும் புகுந்த காலம் அது. பின்னர் 1931-இல் 6,47,230, 1941-இல் 7,77,481. பட்டணம் என்றும் ஒரே வேகத்தில் வளர்ந்தது என்று கருதுவோர் இவ்வரிசையை ஒருமுறை வாசித்தல் நலம்.

செலவும் புதியதன்று. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்தியபோது, அஞ்சி ஊரை விட்டோர் அநேகர். 1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஜப்பானியப் படை வரும் என்ற அச்சத்தால் நகரத்தாரிற் பெரும்பகுதியினர் வெளியேறினர், தெருக்கள் வெறிச்சோடின. ஆயினும் அச்சம் நீங்கியவுடன் மீண்டும் வந்தனர். அதே வருஷத்திலும், பின்னர் 1960-களிலும் பர்மாவிலிருந்து உடைமை இழந்து திரும்பிய தமிழர்க்கு இப்பட்டணமே அடைக்கலம் தந்தது. வியாசர்பாடியிலே இன்றும் அவர்கள் வழியினர் வாழ்கின்றனர். அங்கே விற்கப்படும் அத்தோ என்னும் பர்மியச் சிற்றுண்டி அவ்வரலாற்றின் எச்சமேயாகும்.

1951-ஆம் வருஷத்துக் குடிமதிப்பு பலரை மயக்கியது. 7,77,481 ஆயிருந்த தொகை 14,16,056 ஆயிற்று. பத்தே வருஷங்களில் ஏறத்தாழ இரட்டிப்பா என்று வியந்தனர். யுத்தகாலத்து வரவு மெய்யே. தேசப் பிரிவினைக்குப் பின் வந்தோரும் உளர். ஆனால் 1946-இல் சைதாப்பேட்டை முதலிய சுற்றுப்புறங்கள் நகர எல்லையுள் சேர்க்கப்பட்டன என்பதையும் மறத்தல் கூடாது. அவ்விடத்தார் ஓரடியும் பெயராமலே சென்னை நகரத்தார் ஆயினர். மூன்றாம் காரணம் என்று முன்னே கூறியது இதுவே.

சுதந்திரத்துக்குப் பின் தொழிற்சாலைகள் வடக்கே கடலோரமாக நீண்டன. எண்ணூரில் மோட்டார் வாகனத் தொழிற்சாலையும், 1955 முதல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், 1960-களின் இறுதியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970-களில் எண்ணூர் அனல் மின் நிலையமும், 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் எழுந்தன. தொழில் சென்ற திசையிலே குடியும் சென்றது. 1961-இல் 17 லட்சத்து 29 ஆயிரமாயிருந்த சென்னை 1971-இல் 24 லட்சத்து 69 ஆயிரம் ஆயிற்று.

ஆனால் அதன்பின் ஒரு மாறுதல் நேர்ந்தது. அதுவே இவ்வியாசத்தின் மையம்; அன்பர்கள் ஊன்றி நோக்கல்வேண்டும். 1981 முதல் 1991 வரை நகரத்தின் பெருக்கம் நூற்றுக்குச் சுமார் 17. அடுத்த பத்து வருஷங்களில் நூற்றுக்கு 13. 2001 முதல் 2011 வரை நூற்றுக்கு 7 மாத்திரமே. 43,43,645 என்பது 46,46,732 ஆயிற்று. இதே காலத்தில் தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு 15.6 பெருகியது, நகரைச் சூழ்ந்த திருவள்ளூர், காஞ்சிபுரம் என்னும் இரு மாவட்டங்களோ தனித்தனியே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகின. உள்நகரம் மந்தமாகவும் புறநகரம் விரைவாகவும் வளர்ந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நம் பக்கத்தையே நோக்கின், பழைய எல்லைக்கு வெளியே நின்ற திருவொற்றியூர் நகராட்சி 2001-இல் சுமார் 2 லட்சத்து 12 ஆயிரம் மக்களைக் கொண்டிருந்தது. 2011-இல் 2 லட்சத்து 49 ஆயிரம். அஃதாவது நூற்றுக்கு 17-க்கும் மேற்பட்ட பெருக்கம். தியாகராஜர் கோயில் கொண்ட அப்பழம்பதி, பட்டணத்தை விட்டு வடக்கே சென்றோர்க்கும், வடக்கிலிருந்து பட்டணத்தை நாடி வந்தோர்க்கும் இடைத்தங்கலாயிற்று.

2011-ஆம் வருஷத்திலேயே மாநகராட்சியின் எல்லை மீண்டும் விரிந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மாதவரம், மணலி, அம்பத்தூர் முதலிய 42 ஸ்தலஸ்தாபனங்கள் சேர்க்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டராயிருந்த நகரம் 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று; வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. ஜனத்தொகையும் சுமார் 67 லட்சம் என்று கணக்காயிற்று. ஏறக்குறைய 20 லட்சம் பேர் ஓர் ஆணையினாலே மாநகரத்தார் ஆயினர். நமது மணலி அன்பர்கள், "யாங்கள் வெளியூரார்" என்று இனிக் கூற இயலாது.

இம்மாறுபாடு சென்னைக்கு மட்டும் உரியதன்று. 2011-ஆம் வருஷத்துக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 48 பேருக்கு மேல் நகரவாசிகள். சுற்றுப்புறங்களையும் சேர்த்துக் கோயம்புத்தூர் 21 லட்சத்தையும், மதுரை 14 லட்சத்தையும், திருச்சிராப்பள்ளி 10 லட்சத்தையும் கடந்தன. பின்னலாடைத் தொழிலால் திருப்பூர் பத்தே வருஷங்களில் சுமார் ஐந்தரை லட்சத்திலிருந்து ஒன்பதரை லட்சத்துக்கு மேல் உயர்ந்தது. ஆயினும் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. கிராமம் என்று எழுதப்பட்டிருந்த ஊர்கள் பல, அவற்றின் ஜனநெருக்கத்தையும் தொழிலையும் நோக்கி 2011-இல் நகரம் என்று எழுதப்பட்டன. உழவன் பட்டணத்துக்கு வந்தான் என்பது ஒரு பாதி. பட்டணம் உழவனிடத்துக்குச் சென்றது என்பது மற்றொரு பாதி.

இனி நம்மவர் ஏன் பேட்டையை விட்டுச் சென்றனர்? யாம் விசாரித்தறிந்த மட்டில் காரணங்கள் பல. பழைய வீடுகள் நீண்டு குறுகியவை. மூன்று சகோதரர் பாகம் பிரித்தால் ஒருவர்க்கும் அறை மிஞ்சாது. எம். சி. ரோட்டின் ஜவுளி வியாபாரம் பெருகப் பெருக, குடியிருப்போர் தரும் வாடகையினும் கிடங்குக்காரர் தரும் வாடகை மிகுதியாயிற்று. ஆலைகள் ஓய்ந்தன, பெரம்பூர் ஆலை 1996-இல் அறவே மூடப்பட்டது, எண்ணூர் அனல் மின் நிலையமும் 2017-இல் நின்றது. பிள்ளைகளின் உத்தியோகமோ நகரத்தின் தெற்குக் கோடியிலே அமைந்தது. 2019-இல் வண்ணாரப்பேட்டை வரை சுரங்கத்தில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கி, 2021-இல் விம்கோ நகர் வரை நீண்டது. அதன்பின் வடக்கே வீடு கொண்டு தெற்கே வேலை பார்த்தல் முன்னினும் எளிதாயிற்று. ஆனால் ரயில் வந்த இடத்தில் வாடகையும் உடன் வந்தது.

தாமாக விரும்பிச் சென்றோர் இவர்கள். விரும்பாமற் சென்றோரும் உளர் என்பதைக் கூறாது விடின் நாம் உண்மைக்குத் துரோகம் செய்தவராவோம். நகரத்தின் ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில், 2000-ஆம் வருஷம் முதற்கொண்டு, தெற்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அங்கே கூரை உண்டு. முன்பு செய்த வேலை அருகில் இல்லை. வீட்டுவேலைக்கும் மூட்டை தூக்கவும் விடியுமுன் பேருந்து ஏறி வரவேண்டிய தாய்மாரின் துன்பத்தை எந்தக் குடிமதிப்பும் காட்டாது. நம் சங்கத்தின் ஏட்டிலே முதலில் மறைந்தவை இத்தகைய ஏழை வீட்டாரின் பெயர்களே. சந்தா பாக்கி என்று அடித்துவிட்டோம்; அவர்கள் எங்கே சென்றார்கள் என்று கேட்டோமில்லை. இக்குற்றம் அரசாங்கத்தாருடையதன்று, நம்முடையதே.

குடிமதிப்புக்கும் நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு. 1871-ஆம் வருஷத்துச் சென்னை இராஜதானிக் குடிமதிப்பு அறிக்கையை எழுதிய டாக்டர் கார்னிஷ் முதலாக, அக்காலத்து அதிகாரிகள் சாதிகளையும் எண்ணி வந்தனர். 1901-இல் ரிஸ்லி துரை சாதிகளை உயர்வு தாழ்வு வரிசையில் அமைக்கப் புகுந்தபோது, இந்தியா எங்கும் சங்கங்கள் கூடித் தத்தம் குலத்தை உயர்த்தி எழுதுமாறு விண்ணப்பங்களைக் குவித்தன. அவ்வுழைப்பிற் பாதியைப் பள்ளிக்கூடங்களுக்குச் செலுத்தியிருப்பின் எத்துணை நன்மை விளைந்திருக்கும்! சாதிவாரியாக முழுவதும் எண்ணி வெளியிட்ட குடிமதிப்பு 1931-ஆம் வருஷத்தோடு முடிந்தது. 2021-இல் நிகழவேண்டிய குடிமதிப்பும் கொள்ளை நோயின் காரணமாகத் தள்ளிப்போயிற்று. 2025-ஆம் வருஷத்தில் மத்திய அரசாங்கத்தார், 2027 மார்ச்சு 1-ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்ட குடிமதிப்பையும், அதனுடன் சாதிக் கணக்கையும் அறிவித்தனர்.

இந்நிலையில் நம் அங்கத்தினர்க்கு எமது வேண்டுகோள் சிலவே. முதலாவது, எவ்விடத்தில் வசிக்கின்றீர்களோ அவ்விடத்திலேயே கணக்குக் கொடுங்கள். பூர்விக வீட்டின்மேலுள்ள பற்றால் மணலியில் வாழ்வோர் பேட்டையில் பெயர் கொடுத்தல் பிழை. அதனால் இரண்டிடத்தும் கணக்குக் கெடும். பள்ளியும் குழாய்த் தண்ணீரும் எவ்விடத்தில் எத்துணை வேண்டும் என்ற மதிப்பும் கெடும். இரண்டாவது, ஒருவரும் விடுபடலாகாது. கைக்குழந்தை, படுக்கையிலுள்ள பாட்டி, உடன் வாழும் விதவைச் சகோதரி, மாடியறையில் தங்கிய உறவினன் ஆகிய இவர்களே பெரும்பாலும் மறக்கப்படுவோர். மூன்றாவது, நம் குலத்தின் பெயரை ஒரு வீட்டார் ஒருவகையாகவும் மற்றொரு வீட்டார் வேறுவகையாகவும் கூறுதல் வழக்கமாயிருக்கின்றது. உள்ளது உள்ளவாறு ஒரே பெயராகக் கூறுங்கள். தொகையைப் பெருக்கிக் காட்டவும் வேண்டா. நாணி மறைக்கவும் வேண்டா.

நான்காவது வேண்டுகோள் நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டுவது. அரசாங்கத்தின் கணக்கர் வீட்டை நாடிச் செல்வார்; சங்கமோ மனிதரை நாடிச் செல்லவேண்டும். திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் வாழும் நம்மவர் மாதம் ஒருமுறை தம் வீடுகளில் மாறிமாறிக் கூடுதல் வேண்டும். தென்கோடிக் குடியிருப்புகளுக்குச் சென்ற குடும்பங்களைத் தேடிக் காணுவதற்கு இளைஞர் நால்வர் முன்வருதல் வேண்டும். அவர்களிடம் பழைய சந்தா பாக்கியைக் கேட்கலாகாது. பிள்ளைகளின் படிப்பைக் கேட்கவேண்டும். பழைய விலாசத்தில் அடுத்த வீட்டாராயிருந்தவர் எங்கே உளர் என்று அறிந்தோர் காரியதரிசிக்கு ஒரு கார்டு எழுதினாலும் போதும்.

அன்று மனம் நொந்து பேசிய முதியவர்க்கு யாம் கூறும் விடை இதுவே. பெரியீர்! பேட்டையின் திண்ணைகள் குறைந்தன. நம் குடிகள் குறைந்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. நம் முன்னோர் துணி மூட்டையுடன் வடக்கு வெளிக்கு வந்த நாளில், அவர்களைப் பெற்ற கிராமத்தாரும் தம் கூட்டம் அருகிவிட்டது என்றே அழுதிருப்பர். சென்றவரைத் தேடிக் காணாத கூட்டமே அருகும். திரும்பி வந்த சஞ்சிகைப் பிரதிகளைக் காரியாலயத்து மேஜையின்மேல் அடுக்கி வைத்திருக்கின்றோம். உரியவர் கையில் அவை சேரும் வரையில் அவ்விடத்தைவிட்டு அவற்றை எடுப்பதில்லை என்று உறுதி செய்துள்ளோம். அன்பர்கள் துணை புரிவார்களாக.